தலையில்லாத பேய்ப் படமும் நான் உருவிய நடனமும்

1. பெட்டி வரவில்லை

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படத்தின் பிலிம் பெட்டி வரவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குள் பஸ் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. நான் ஆபரேட்டராக இருந்த தியேட்டரில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேய்ப் படத்தின் பெட்டி மட்டும் கிடந்தது.

"இருக்கறதையே ஓட்டுப்பா. வூட்ல குந்திக்கினு கீற ஜனம் வேற எங்க போவும்?" என்றார் முதலாளி.

போலீஸ் மேட்னிக்கு மட்டும் சம்மதித்தது. அதே படத்தை அதே ஜனம் தினமும் வந்து பார்த்தது. வசனம் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

2. அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயம்

பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர் ஒரு படத்தை ஒரு தடவை பார்க்கிறார். ஆபரேட்டர் அலுத்துச் சாகும்வரை பார்க்கிறான். அதனால் எனக்கும் சொல்ல உரிமை உண்டு.

கதை இதுதான்: ஒரு பேய் தன் தலையைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடுகிறது. முதல் பாதி அபாரம். தலையில்லாமல் அது முடிவெட்டும் கடைக்குப் போய் உட்காரும். "சைடுல கம்மி பண்ணிடவா?" என்று கேட்பார் கடைக்காரர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். ஏட்டு முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "குந்துங்க" என்பார். பிறகுதான் என்ன காணோம் என்று கேட்பார். படத்தில் யாரும் அதைப் பார்த்து அலறமாட்டார்கள். பயப்படுவது பேய் மட்டும்தான். டைரக்டருக்கு விஷயம் தெரியும் என்று நினைத்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அவருக்குத் தைரியம் போய்விட்டது. பேய் எப்படிச் செத்தது என்று ஒரு நீண்ட பழங்கதை. சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு டொய்ங் சத்தம். போதாததற்குப் பேய் மலைக்குப் போகும். எங்கள் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்து அருவியைக் காட்டுவார்கள். அங்கே மலைஜனம் என்று சிலருக்குக் கரி பூசி, இலை கட்டி, எலும்பு மாலை போட்டு, பேயின் தலையைச் சுற்றி ஊளையிட்டு ஆடவிட்டிருந்தார்கள். கல்வராயன் மலையில் யாரும் இலை கட்டிக்கொண்டு திரிவதில்லை. சாமை விதைக்கிறார்கள், நம்மைப்போல வேட்டி கட்டுகிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். இது கள்ளக்குறிச்சியில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆட்டத்துக்குத்தான் கைதட்டு ஜாஸ்தி. கேபினில் நானும் காலால் தாளம் போட்டிருக்கிறேன்.

3. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு குடும்பம்

வெள்ளையன் கரியாலூர்க்காரர். மனைவி பொன்னியைப் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தார். பிள்ளை பிறந்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மலைக்கு பஸ் இல்லை. பச்சை உடம்புக்காரி நடந்து ஏறும் தூரமும் இல்லை. முதலாளி எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் தங்கிக்கொள்ளச் சொன்னார். வெயில் நேரத்தில் அந்தத் தகரக் கொட்டகை அடுப்பாகக் காயும் என்று மேட்னிக்கு உள்ளே உட்காரவும் விட்டார். நல்ல மனுஷன்தான்.

முதல் நாள் ஏட்டு நாற்காலி போட்டதும் பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஆட்டம் வந்தபோது இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். படம் விட்டதும் வெள்ளையன் மேலே வந்தார்.

"அந்த ஆட்டத்த மட்டும் எடுத்துட முடியுங்களாண்ணா? வெளிய கொழந்தைக்கு வெயிலு தாங்கல. உள்ள வந்தா இத பாக்க வேண்டிக்கீது."

எங்கள் தொழிலில் இது பெரிய காரியமில்லை. படம் நீளமாக இருந்தால் ஆபரேட்டரே ஒரு பாட்டை உருவிவிடுவான். பெட்டி திரும்பும்போது பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி மறுபடி ஒட்டி அனுப்பிவிடுவான். முதலாளியிடம் கேட்காமலே வெட்டினேன். நல்ல காரியம் செய்த பெருமையில் நன்றாகச் சாப்பிட்டேன்.

4. விளக்கு

மறுநாள் திரையில் அருவி வந்தது. அடுத்த நொடி பேய் மலையிறங்கிக்கொண்டிருந்தது. ஜனத்துக்கு மனப்பாடம் என்பதை நான் மறந்துபோனேன்.

"ஆபரேட்டரு, ஆட்டம் எங்கய்யா? முழுங்கிட்டியா?" என்று விசில் கிளம்பியது.

பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, பின்னால் வெள்ளையனும் பொன்னியும் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். "அங்க இல்லாங்காட்டி இன்னா? ஒரிஜினலே இங்க கீறாங்க. எழுந்து ஆடச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். பாட்டின் தாளத்திலேயே கைதட்ட ஆரம்பித்தார்கள். ரகளை என்றால் புரொஜக்டரின் ஆர்க் விளக்கை அணைத்து ஹால் விளக்கைப் போடு என்பது எங்களுக்குப் பழக்கம். யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

அதுவரை வெள்ளையனும் பொன்னியும் இருட்டில் இருந்தார்கள். விளக்கு எரிந்ததும் ஹால் முழுக்க அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பொன்னி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். வெள்ளையன் பையை எடுத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். கைதட்டு வாசல்வரை போனது.

"ஏன்யா நிறுத்தன? ஓட்டு" என்று முதலாளி கீழிருந்து கத்தினார். ஓட்டினேன். படம் முடியும்வரை ஓட்டினேன்.

5. நாற்காலி

ஸ்டாண்டில் அவர்கள் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகும் கச்சிராயபாளையம் சாலையில் போனேன். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் பொன்னி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒடம்போட எப்படிம்மா மலையேறுவ? திரும்பி வாங்க. நாளைக்குப் படமே ஓட்டல."

"நீங்க நல்லதுக்குத்தாங்க செஞ்சீங்க" என்றார் வெள்ளையன். "வழியில தெரிஞ்சவங்க வூடு கீது. தங்கித் தங்கிப் போய்க்கினே இருப்போம்."

பொன்னி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தலயில்லாத பேய்க்கே நாற்காலி போட்டு குந்த வச்சாங்களே."

எனக்குச் சைக்கிளில் ஏறக் கூசியது. ஊர்வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், குழந்தை நலம் என்று கரியாலூரிலிருந்து வந்த ஒருவர் பிறகு சொன்னார். அதைக் கேட்டும் என் வெட்கம் குறையவில்லை. இன்றைக்குப் பேயை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் திரையில் யாரை ஆடவிடுகிறீர்களோ, அவர்கள் ஹாலிலும் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து ஆள் கைதட்டுவதை அவர்கள் கேட்க வேண்டியிருக்கும். அப்புறம் ஆபரேட்டர் வெட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

சாலை திறந்ததும் பெட்டி திரும்பவேண்டிய நாள் வந்தது. உருவிய துண்டை எடுத்து, சிமெண்ட் தடவி, இருந்த இடத்திலேயே ஒட்டி அனுப்பினேன். அடுத்த ஊரிலும் அந்த ஆட்டத்துக்குத்தான் கைதட்டு ஜாஸ்தி என்று பெட்டி கொண்டுபோனவர் வந்து சொன்னார்.