சரவணைத் தரவையில் ஓர் ஓட்டம்

வெள்ளிக்கிழமை, 2004 ஆவணி. ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ் காலை எட்டரை மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டது. பயணச்சீட்டு பதினெட்டு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு சாக்குப்பை. பைக்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குரிய இரண்டு இரும்புச் சிலிண்டர்கள், பழைய பெட்சீட்டில் சுற்றி வைத்திருந்தேன். ஒன்று வெடிப்பு விழுந்தது. மற்றது அதற்குப் பதிலாக நான் கொழும்பில் செய்து கொண்டுவந்தது.

நான் மாத்தளைக்காரன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் மூவரும் நானுமாகப் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து, மட்கார்ட்டையும் மற்றத் தகரங்களையும் கழற்றி எறிந்து, எஞ்சினுக்கு வலுக்கூட்டி, நகருக்கு வெளியே கைவிடப்பட்ட ஓர் ஓடுபாதையில் கால் மைல் தூரத்துக்குப் பந்தயம் விடுவோம். அங்கே ஒருநாள் எங்கள் ஓட்டத்தைப் பார்த்த ஊர்காவற்றுறைக்காரர் ஒருவர் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிப் போனார். அடுத்த வாரமே ஒரு பெண் கதைத்தார். பெயர் ஸ்ரெல்லா. தன்னிடமும் அப்படி ஒரு வண்டி இருக்கிறது, தானே ஓட்டுகிறவள், சிலிண்டர் வெடித்துவிட்டது, தங்கள் தேவாலயத் திருநாளுக்கு ஓட்டம் இருக்கிறது, செய்து தர முடியுமா என்று கேட்டார். வெடித்த சிலிண்டர் பார்சலில் வந்து சேர்ந்தது. புதியதைத் தபாலில் போட மனம் வரவில்லை. தீவுப்பகுதியை நான் பார்த்ததுமில்லை.

பண்ணைச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த கடற்படைப் பையன் இரண்டு அடி பின்னால் போனான். மோட்டார் சைக்கிள் சிலிண்டர் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் தன் மேலதிகாரியை அழைத்தான். அவர் புதியதைத் தூக்கி, துவாரத்துக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை சி.சி.?" என்றார். முந்நூற்றைம்பது என்றேன். தலையாட்டி, மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

பண்ணைப் பாலம் கடலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. இருபுறமும் மீனுக்காக நட்ட தடி வரிசைகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. கூரையில்லாத வீடுகளுக்குள் ஆடுகள் நின்றன. சில வளவுகளில் புதுத் தென்னங்கிடுகு வேலி. பல வளவுகளில் பற்றையைத் தவிர வேறொன்றும் இல்லை. சரவணையைத் தாண்டும்போது கண்டக்டர் கையை வெளியே நீட்டினார்.

"உந்தத் தரவையிலைதான் ஞாயிற்றுக்கிழமை மோட்டச்சைக்கிள் ஓட்டம். பாக்கவோ வந்தனியள்?"

"ஓம்" என்றேன், எங்கள் "ஆமா"வுக்கு அவர்கள் சொல்வது. அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன். அவர் காட்டிய தரவை, மரமில்லாத, புல் காய்ந்து மண் இறுகிய ஒரு பெருவெளி. மாரியில் நீர் நிற்கும் நிலம் கோடையில் சீமெந்துத் தரைபோல ஆகிவிடும் என்றார்.

ஸ்ரெல்லாவின் வீடு ஊர்காவற்றுறையில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த, உறுதியான முகம். மீன்பெட்டியைக் கழுவிக் கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"வாங்கோ அண்ணை. ரெண்டையும் கொண்டந்தியளோ?"

புதியதைக் காட்டினேன். அவர் கை முதலில் பழையதற்குத்தான் போனது.

தேநீரோடு கதையைச் சொன்னார். கணவர் நீக்கிலஸ். அவருடைய அண்ணன் சூசை. இருவரும் கடற்றொழிலாளர்கள், இருவருக்கும் மோட்டார் சைக்கிள் பைத்தியம். தொண்ணூறில் போருக்குப் பயந்து தீவை விட்டு ஓடும்போது இரண்டு வண்டிகளின் எஞ்சினையும் கழற்றி, கிரீஸ் பூசி, தறப்பாளில் கட்டி மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள். தொண்ணூற்றாறில் திரும்பி வந்து தோண்டியபோது துருப்பிடிக்காமல் இருந்தன. நீக்கிலஸ் தன் வண்டியை ஓட்டத்துக்கென்றே திருத்தினார். மறுவருசம் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை.

"ஏழு வருசம் அண்ணை. இறந்தவைக்குக் குடுக்கிற மாதிரி ஒரு பூசை குடுக்கவேணும் எண்டு நெடுகக் கேட்டனான். சூசை மச்சான் விடுறாரில்லை. பூசை குடுத்தால் அவன் செத்துப்போனான் எண்டு நாங்களே சொன்ன மாதிரியாம்."

"வண்டி ஓட்ட விடுறாரா?"

"அதுவும் சண்டை பிடிச்சுத்தான். நாலு வருசம் தன்ரை கொட்டிலுக்கை பூட்டி வைச்சிருந்தவர். அவன் வந்து கேட்டால் விட்டபடியே குடுக்கவேணுமாம். நான் போய் உருட்டிக்கொண்டு வந்தனான்." சற்று நிறுத்தினார். "அண்ணை, அதிலை ஏறி ஓடேக்கைதான் எனக்கு மூச்சு முழுசா வரும்."

மாலையில் சூசை வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள், பரந்த தோள். கதிரையில் உட்காராமல் நின்றபடியே புதிய சிலிண்டரைப் பார்த்தார்.

"உதைப் பூட்ட வேண்டாம். பழசை ஒட்டித் தாரும்."

ஒட்ட ஏலாது என்று விளக்கினேன். இந்தப் பழைய வகை எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலேயே இருக்கும். வெடிப்பு வால்வுக்கும் பிஸ்டன் ஓடும் துவாரத்துக்கும் நடுவில் விழுந்திருந்தது. ஒட்டினாலும் முதல் சூட்டிலேயே திரும்பப் பிளக்கும். அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, "நாளைக்குக் காலமை என்னோடை வாரும். ஓரிடம் போவம்" என்றார்.

சனிக்கிழமை காலை சூசையின் வண்டியில் பின்னால் ஏறினேன். அதுவும் தம்பியின் வண்டியைப் போலவே ஐம்பதுகளில் வந்தது. சைலன்சர் இல்லாத குழாயின் சத்தத்துக்கு வேலணை நாய்களெல்லாம் வேலிக்கு வந்தன. புங்குடுதீவுப் பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. இறுப்பிட்டியில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். பிறகு குறிகட்டுவான். தரை அங்கே முடிந்துவிடுகிறது. பஸ்களும் அங்கேயே திரும்புகின்றன.

நயினாதீவுப் படகுக்கு வெள்ளை உடுத்த தென்னிலங்கை யாத்திரிகர்களும், அம்மன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். நெடுந்தீவுப் படகில் சீமெந்து மூட்டை, வாழைக்குலை, கட்டிய ஆடு. சூசை இறங்குதுறையின் நுனிக்குப் போனார். நானும் போனேன்.

"இதிலையிருந்துதான் போனவன். கயித்தை அவிட்டு விட்டது நான்தான். எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். இல்லையெண்டால் ரெண்டு பேரும் போயிருப்பம்."

மனதில் பல நாளாக இருந்த ஒன்றைக் கேட்டேன்.

"உங்க தம்பி இடக்கைக்காரரா?"

அவர் சட்டென்று திரும்பினார். "ஆர் சொன்னது? ஸ்ரெல்லாவோ?"

"யாரும் சொல்லலங்க. புகை போற வழிய அவர் அரத்தால அகலமாக்கியிருக்கார். அரத்துக் கோடெல்லாம் மறுபக்கமா சாயுது. வலக்கையால அராவினா அப்படி வராது."

சூசை கடலைப் பார்த்தபடியே, "புதுசிலையும் அப்பிடி அராவினனீரோ?" என்றார்.

"அளவு அதேதான். நாலு நாள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சேன். ஆனா என் கை வலக்கை. கோடு மாறித்தான் இருக்கும்."

"அப்ப உது அவன்ரை இல்லை."

"இல்லங்க."

நெடுந்தீவுப் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டது. அது சிறுத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை உதைத்து இயக்கினார்.

"பூட்டும். நான் மறிக்கேல்லை. ஆனால் நாளைக்கு விட்டுக்குடுத்து ஓடமாட்டன் எண்டு அவவிட்டைச் சொல்லும்."

பிற்பகல் முழுவதும் சிலிண்டரை எஞ்சினில் பொருத்திப் பூட்டினோம். ஸ்ரெல்லாவின் விரல்களுக்கு ஒவ்வொரு நட்டும் பழக்கமாக இருந்தது. எடைக்காக நீக்கிலஸ் முன் பிரேக்கை அந்தக் காலத்திலேயே கழற்றியிருந்தார். எங்கள் பந்தய வண்டிகளிலும் அப்படிச் செய்வதுண்டு. பின் பிரேக் மட்டும்தான். ஐந்தாவது உதையில் எஞ்சின் பிடித்தது. ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான சுருவில் வரைக்கும் மெதுவாக இருமுறை ஓட்டிப் பழக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தரவையில் நானூறு, ஐந்நூறு பேர் இருக்கலாம். கடற்படையிடம் அனுமதி வாங்கிய பங்குத் தந்தை வெண்ணிற அங்கியோடு சைக்கிளில் வந்திருந்தார். சுண்ணாம்பால் இரண்டு கோடுகள், நடுவே கால் மைல். முடிவுக்கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்கு நீண்ட வெளி. வெளியின் எல்லையில் வடலிப் பனைகளுக்கு முன்னால் சிவப்பு நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகைகள் நட்டிருந்தார்கள். அதற்கப்பால் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை.

எட்டு வண்டிகள் இரண்டிரண்டாக ஓடின. கடைசியில் சூசையும் ஸ்ரெல்லாவும் மிஞ்சினார்கள். ஸ்ரெல்லா காற்சட்டையும் கணவரின் சேர்ட்டும் போட்டிருந்தார். தலையைத் துவாயால் இறுக்கிக் கட்டியிருந்தார். சூசை பக்கத்தில் வந்து நின்றும் திரும்பிப் பார்க்கவில்லை. கொடி விழுந்தது.

சூசையின் வண்டி முன்னே பாய்ந்தது. பாதித் தூரம் வரை அவர்தான். காற்று பின்னாலிருந்து தள்ள, ஸ்ரெல்லா டாங்கியோடு ஒட்டிப் படுத்தார். புதிய சிலிண்டரின் குரல் உயர்ந்துகொண்டே போனது. வண்டிகள் ஒன்றாகி, பிறகு ஸ்ரெல்லாவின் முன்சக்கரம் தனியாகத் தெரிந்தது. கோட்டைத் தாண்டியது அவர்தான். சனம் கத்தியது.

அந்தக் கத்தல் அடங்குவதற்குள் வேறொரு கத்தல் எழுந்தது. ஸ்ரெல்லா நிற்கவில்லை. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பது தெரிந்தது. பிரேக் கம்பி அறுந்து மிதி சும்மா இறங்கியதென்று பிறகு அவரே சொன்னார். எஞ்சினை நிறுத்திவிட்டார், ஆனாலும் காற்றும் வேகமும் வண்டியைச் சிவப்பு நாடாவை நோக்கிக் கொண்டுபோயின. நான் ஓடத் தொடங்கினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றும் தெரியாது.

கடைசி நேரத்தில் ஸ்ரெல்லா வண்டியைச் சரித்துவிட்டுத் தரையில் விழுந்தார். புழுதிக்குள் உருண்டு, நாடாவுக்கு ஒரு வள்ளத்து நீளம் இப்பால் கிடந்தார். வண்டி நிற்கவில்லை. படுத்தபடியே வழுக்கி, நாடாவை அறுத்துக்கொண்டு அப்பால் போய், வடலிகளின் அடியில் கிடந்தது. நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். எதுவும் வெடிக்கவில்லை. பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சூசை தன் வண்டியை எறிந்துவிட்டு வந்தார். ஸ்ரெல்லாவிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்ரெல்லாவைத் தாண்டிப் போனார். "அவன்ரை சைக்கிள், அவன்ரை சைக்கிள்" என்று முணுமுணுத்துக்கொண்டே அறுந்த நாடாவை நோக்கிப் போனார். பங்குத் தந்தை பெயர் சொல்லிக் கத்தினார். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

முழங்கையில் இரத்தம் வழிய, ஸ்ரெல்லா தவழ்ந்து பாய்ந்து அவருடைய காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

"மச்சான், போகாதையுங்கோ."

"விடு. அவன் வந்து கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது?"

"அவர் வரமாட்டார், மச்சான். உங்களுக்கும் தெரியும். நீங்களும் போனால் எனக்கு ஆர் இருக்கினம்?"

சூசை அப்படியே நின்றார். ஒரு கால் ஸ்ரெல்லாவின் பிடியில், மறுகால் நாடாவுக்கு அரையடி இப்பால். பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்ல மடிந்து நிலத்தில் உட்கார்ந்தது. தலையில் கைவைத்து, சத்தம் போட்டு அழுதார். ஏழு வருசத்தில் அவர் அழுததை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். ஸ்ரெல்லா காலை விடவில்லை. யாரும் அவர்களுக்குக் கிட்டப் போகவில்லை.

எழும்பும்போது சூசை முதலில் ஸ்ரெல்லாவின் முழங்கையைப் பார்த்தார். தன் சேர்ட்டைக் கழற்றிச் சுற்றிக் கட்டினார். பிறகு பங்குத் தந்தையிடம் திரும்பி, "நாளைக்குக் காலமைப் பூசை நீக்கிலசுக்கு, சுவாமி" என்றார்.

வெற்றி யாருக்கு என்று அறிவிக்க ஒருவரும் நினைக்கவில்லை. சனம் மெதுவாகக் கலைந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பூசைக்கு நானும் போனேன். நான் கிறிஸ்தவன் அல்ல. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மரித்தவர்களுக்காக வேண்டும் இடத்தில் பங்குத் தந்தை நீக்கிலஸின் பெயரைச் சொன்னார். சூசையும் ஸ்ரெல்லாவும் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு இருவரும் அசையவில்லை. ஆனால் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகும் எழும்பவில்லை. அவர்களிடம் சொல்லாமலே வெளியே வந்து பஸ் ஏறினேன்.

சரவணையில் பஸ் வேகம் குறைத்தது. பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தரவையின் எல்லையில் நாடாவைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அதற்கப்பால் வடலியடியில் வண்டியின் கைபிடி வெயிலில் மின்னியது. மிதிவெடி எடுப்பவர்கள் அந்தத் துண்டுக்கு எப்போது வருவார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் அண்ணை. அடுத்த வருசமோ, அதுக்கு அடுத்த வருசமோ."

கொழும்பில் எங்கள் ஓடுபாதையில் ஓட்டம் முடிந்ததும் நேரத்தைச் சொல்வார்கள், கை தட்டுவோம், வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பி வருவோம். அங்கே பாதை முடிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை.