பின்னாலிருந்து வராத ‘ரைட்’

கண்ணுங்களா, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாடினீர்கள். யார் ‘ரைட்’ சொல்வது என்று ஒரே சண்டை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன்? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ரைட்’ என்றால் என்ன? பள்ளியில் வலது என்றார்கள். சரி என்றும் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். மிச்ச அர்த்தமெல்லாம் வெளியில் கற்றதுதான். உங்கள் அம்மா குழம்பைச் சுவைத்துவிட்டு, “ரைட்டு, எறக்கிரலாம்” என்கிறாள். மாமா போனை வைக்கும்போது, “ரைட்டுங்க” என்கிறார். காயப்போட்ட துணி மழையில் நனைந்தால் பக்கத்து வீட்டு அக்கா, “ரைட்டு... போச்சு!” என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் அதற்கு அர்த்தம் – கிளம்பு.

எங்கள் மலையில், பனிமூட்டத்தில், பஸ் பின்னோக்கி வரும்போது? அப்போது அது உயிர். கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று, ‘ரைட்... ரைட்...’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குரல் கேட்கும்வரை பஸ் நகரும். குரல் நின்றால் பஸ்ஸும் நிற்க வேண்டும்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம், ஏற்காட்டிலிருந்து நாகலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு குறுகலான வளைவில், எதிரே மரம் ஏற்றிய லாரி. ஒதுங்க இடமில்லை. அகலமான இடம் வரைக்கும் நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கண்டக்டர் செல்வம் இறங்கினார்.

“ரைட்... ரைட்... வரலாம்... ரைட்...”

திடீரென்று குரல் நின்றது.

டிரைவர் மாணிக்கம் அண்ணன் பிரேக்கை மிதித்தார். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.

“செல்வம்... டேய் செல்வம்!”

பதில் இல்லை. பள்ளத்தில் விழுந்துவிட்டாரா? இல்லை... சக்கரத்துக்கு அடியிலா? முன் சீட்டில் ஓர் அம்மா, “ஐயோ சாமி, அந்தப் பையனுக்கு நேத்துதானே பொண்ணு பாத்தாங்க” என்று அழ ஆரம்பித்தார்.

கடைசி சீட்டில் இருந்த மிளகு வியாபாரி ஜன்னலில் தலையை நீட்டினார். “ஏனுங்க டிரைவரே, பின்னாடி ஒண்ணுமே இல்லீங்க. நானே சொல்றேன், வாங்க... ரைட்! ரைட்!”

“நீங்க கம்முனு உக்காருங்க!” மாணிக்கம் அண்ணன் திரும்பாமலே கத்தினார். “அவன் சொல்லாம சக்கரம் உருளாதுங்க.”

முன்னால் லாரி ஹாரன் அடித்தது. மாணிக்கம் அண்ணனின் கால் பிரேக்கிலிருந்து நகரவில்லை.

எவ்வளவு நேரமோ... பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. “ரை...ட்.”

லாரி கடந்து போன பிறகு செல்வம் ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒரு காட்டெருமைங்க. கை நீட்டினா தொட்டுரலாம், அவ்வளவு கிட்டங்க. மூச்சு விடக்கூட பயம். அது பக்கத்து எஸ்டேட்டுக்குள்ள எறங்குற வரைக்கும் அப்படியே நின்னேன். அப்ப மட்டும் பஸ்ஸு வந்திருந்தா...”

மிளகு வியாபாரி தலை நிமிரவே இல்லை. யாரோ மெதுவாக, “அதுக்கு டிக்கெட் கிழிச்சீங்களா?” என்று கேட்டார்.

“கேக்கலாம்னு பாத்தேன்... வாயி வரலீங்களே!”

எல்லோரும் சிரித்தோம், தேவைக்கு அதிகமாகவே. மாணிக்கம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அதனால் கண்ணுங்களா, உங்கள் சண்டைக்கு என் தீர்ப்பு இதுதான். நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறவர் மட்டும்தான் ‘ரைட்’ சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அன்று நம் ஸ்டாப்பில் நான் ஒருவன்தான் இறங்கினேன். பஸ்ஸின் சிவப்பு விளக்கு பனியில் கரைந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் காப்பித் தோட்டப் பாதை தெரியவில்லை. கால் நகரவும் இல்லை. சுற்றிலும் காது கொடுத்துக் கேட்டேன்... ஒன்றும் இல்லை.

“ரைட்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஓர் அடி எடுத்து வைத்தேன்.