மாசிக்காய் கட்டிய வயிறு

எங்கள் மகள் தாய்ப்பாலோடு பருப்புச் சாதத்துக்கும் வாய் திறக்கத் தொடங்கிய மாதங்களில், பழங்காநத்தத்து வீட்டில் என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "பிள்ளை வெளிய போச்சா?" என் கணவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார். மாடியில் குடியிருந்தவர்கள் குழாயடியில் கேட்பார்கள். பதில் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

காலையில் கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்க முக்கி அழுவாள். கடைசியில் ஆட்டுப்புழுக்கைபோல ஏதோ விழும். ஒருநாள் அதில் ரத்தம் தெரிந்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

"கஞ்சிய நீர்க்கக் காய்ச்சுங்கம்மா. ஆறின தண்ணி, பழம் எல்லாம் குடுங்க. இப்படியே வலிச்சா பிள்ளை பயந்து அடக்கப் பழகிரும்" என்றார்.

எல்லாம் செய்தேன். மலைவாழைப்பழம் பிசைந்து ஊட்டினேன். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். குளிப்பாட்டியதும் கல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்தில் கடுக்காயைக் கொஞ்சம் கூட்டினேன். கடுக்காய் வயிற்றை இளக்கும். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்துப் பார்க்கச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாளிடம், "அம்புட்டு அக்கறையிருந்தா வந்து பிள்ளையத் தூங்க வைங்க" என்று சிடுசிடுத்தேன். எனக்கே உறக்கம் இல்லை. கரும்பலகையில் எழுதும்போது கண் செருகும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் நேரம், மகளைப் பார்த்துக்கொண்டவள் என் கணவரின் தங்கை. அவளுடைய மகன் பல் முளைக்கும் பருவத்தில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனான். காலையில் தொடங்கியது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அதன்பின் புகுந்த வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அண்ணனிடம் வந்துவிட்டாள். என் மகளை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படியில் அவள் உரைகல்லோடு உட்கார்ந்திருந்தாள். கையில் மாசிக்காய். வயிற்றுப்போக்கைக் கட்டும் மருந்து அது. லேசாக ஒரு இழைப்பு இழைத்தாலே போதும். இவள் சட்டினிக்கு அரைப்பதுபோல இழைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா பண்ற? தெனமுமா குடுக்குற?"

அவள் மறைக்கவில்லை. "நீங்க பழங்குறீங்க, திராட்சைங்குறீங்க, கடுக்கா வேற. நீங்க அங்கிட்டுப் போனதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல மதினி. போகாட்டி பிள்ளை அழத்தான செய்யும். போக ஆரம்பிச்சா..."

வந்த கோபத்துக்குக் கல்லைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். எறியத் தெம்பில்லை. பிள்ளை துடித்த துடிப்பெல்லாம் இதனால்தானா என்று வயிறு எரிந்தது. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஈரச் சேலையோடு அவள் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே மாசிக்காயும் வேணாம், கடுக்காயும் வேணாம். பழமும் தண்ணியும் மட்டும் குடுப்போம். நீயே குடு."

"என் கையாலயா?"

"உன் கையாலதான். நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் லீவு போட்டேன். தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் ஒவ்வொரு வாய்ப் பழத்துக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள்.

அந்த வாரக் கடைசியில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அழாமல், முக்காமல், துணியிலேயே போய்விட்டாள். அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன். நாத்தனார் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு கொல்லை வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். விரித்துப் பார்த்தபடியே நின்றாள்.

"மதினி, இது தண்ணியா இல்லையே?"

"இல்லத்தா. நல்லாத்தான் போயிருக்கு."

"அவனுக்குத் தண்ணி தண்ணியாப் போச்சு மதினி" என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் அன்றுதான் அவள் தன் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாள்.