வாய் வழியாகப் போகாத மருந்து

என் அக்கா புருஷருக்கு ஏகாதசி என்றால் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படக்கூடாது. படவில்லை என்பது எங்கள் வலியசாலைத் தெரு முழுக்கத் தெரிந்தாகவும் வேண்டும். கோவிலில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, காய்ந்த உதட்டைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். அந்த உதட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூத்திரத்தில் கிருமி என்று அத்திம்பேருக்குக் காய்ச்சல் வந்தபோது, டாக்டர் மாத்திரை எழுதத்தான் பேனாவை எடுத்தார். இவர் ஊசிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மாத்திரையை விழுங்கினால் வரப்போகிற ஏகாதசி கெட்டுவிடும், ஊசி வாய் வழியாகப் போவதில்லை. இந்த மகா கண்டுபிடிப்பை டாக்டரிடம் மட்டும் மறைத்துவிட்டார். சர்க்கரை உடம்பு, இந்த ஊசி கிட்னியைக் கெடுக்கக்கூடியது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், நடுவில் ரத்தம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஏகாதசியன்று ஊசி போட வந்த மலையாளத்து நர்ஸுக்கு அந்த உதட்டைப் பார்த்ததுமே சந்தேகம்.

"வெள்ளம் குடிக்காம இந்த மருந்து ஏத்தினா கிட்னி போகும், கேட்டோ அங்கிள்."

குடித்தாயிற்று என்று கூசாமல் புளுகினார். விரதத்தில் பொய் சொல்லலாம் போலிருக்கிறது. அவள் போனதும் அக்கா தம்ளரை நீட்டிக் கெஞ்சினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். காய்ச்சலிலும் விரதமா என்று தெருவே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் குமட்டல், அன்றும் சரியாகக் குடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை டாக்டர்களின் பிழைப்பு என்று தள்ளிவிட்டார். கால் வீங்கி, மூத்திரம் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வாயைத் திறந்தார்.

கிட்னி திரும்பவில்லை. இப்போது டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கும் டாக்டர் அளவு வைத்துவிட்டார், அக்கா சின்னத் தம்ளரில் அளந்து கொடுக்கிறாள். அதே காய்ந்த உதடுதான். பார்த்துப் புகழத் தெருவில் ஒருத்தரும் வருவதில்லை.

போன ஏகாதசிக்கு நான் போயிருந்தேன்.

"ஒரு வாய் ஜலம் தாயேன்," என்றார் அக்காவிடம்.

"இன்னிக்கு உள்ளது தீர்ந்துபோச்சு."

அவரைப் பார்த்து எனக்கு இரக்கமே வரவில்லை. ஆனால் அக்கா கொல்லைப்புறம் போய், குழாயைச் சத்தமில்லாமல் திறந்து, கையில் பிடித்துக் குடித்துவிட்டு வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சொந்த வீட்டில் அவள் திருடியைப் போலத்தான் தண்ணீர் குடிக்கிறாள்.