லோர்னா காப்பாற்றிய கல்படிகள்

லோர்னா ஹேவர்காம்ப் மாதிரி ஒரு பிடிவாதக்காரியை எங்கள் ஊர் கண்டதில்லை. பீச் தெருவின் பழைய வீடுகளை இடிக்க வந்தவர்களை விரட்டியடித்தவள் அவள்தான். தெருவைப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்க வைத்து, முகப்பில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் பாரம்பரியக் குழுவைக் கேட்கவேண்டும் என்று விதி போட்டவளும் அவளே. வேலிக்கு வேறொரு பச்சை நிறம் அடித்தவனைக்கூட விடவில்லை, மகராசி!

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து அவள் இடுப்பு முறிந்தது. இப்போது சக்கர நாற்காலிதான். வீட்டின் பின்பக்கம் ஓடைச் சரிவு. வெளியே போக முன்வாசல் ஒன்றே வழி, அங்கே செங்குத்தான கல்படிகள். ஒரு ஞாயிறு சர்ச் ஆட்கள் அவளை மூட்டை மாதிரி தூக்கிப் போனார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. அதோடு சர்ச்சுக்குப் போவதையும் விட்டாள்.

படிகளின்மேல் நாற்காலி உருண்டிறங்கச் சாய்தளம் போட அனுமதி கேட்டாள். குழுத் தலைவன் கார்டன், அவளே பழக்கிவிட்டவன், தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றான்.

"நான் என்ன பண்ணட்டும் லோர்னாம்மா? முகப்புல கைவைக்கக் கூடாதுன்னது நீங்கதானே?"

"நான்தான்டா சொன்னேன். இப்ப நானே சொல்றேன், மாத்து!"

"உங்களுக்கு மட்டும் மாத்தினா ஊரு காறித் துப்பும். ஆணியடிக்காம பலகை போட்டு, போய் வந்ததும் எடுத்துக்கிட்டா, நான் பார்க்காத மாதிரி போயிடுறேன். ஆனா அந்த வேலைக்கு எர்லை விட்டா ஆளில்ல."

எர்ல் பெயரைக் கேட்டதும் லோர்னாவின் முகம் செத்துப்போனது. எதிர்வீட்டுத் தச்சன் அவன். முன்பு அவன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, அவன் அப்பா தங்கள் வாசலில் சாய்தளம் போட்டார். லோர்னா முன்னால் நின்று அதைப் பிரிக்க வைத்தாள்.

அக்டோபரில், தெருவின் பழைய வீடுகளை வெளியாட்கள் சுற்றிப் பார்க்கும் நாள் வந்தது. வெளியூர்க் கூட்டம் கீழே நின்று, ஒரு கல்கூட மாறாத படிகளைப் படம் பிடித்தது. சன்னலில் இருந்தவளைப் பார்த்து ஒருத்தி கையசைத்தாள். நானும் வீட்டுச் சாமானாகிவிட்டேனே என்று பட்டது லோர்னாவுக்கு. அன்று மாலையே எர்லுக்கு ஃபோன் போட்டாள்.

"எர்ல், ஒரு பலகை வேணும்..."

"கார்டன் சொன்னான் மிசஸ் ஹேவர்காம்ப். அன்னைக்குப் பிரிச்ச பலகை கொட்டகையில அப்படியே இருக்கு."

"இன்னைக்கே கொண்டு வர்றியாப்பா?"



"எங்கப்பா உங்க படியேறி வந்து கெஞ்சினாரு. நீங்க கதவைக்கூட முழுசாத் திறக்கல. அம்மா கடைசிவரைக்கும் வாசலைத் தாண்டல. நீங்களும் எங்க படியேறி வந்து கேளுங்க, உடனே தர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டான். லோர்னா நாற்காலியைச் சன்னலுக்கு உருட்டினாள். எதிரே எர்ல் வாசல் விளக்கைப் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனான்.