சித்தி சொன்ன தையல் கூலி

என் சித்தி தையல் மெஷின் முன் உட்கார்ந்தால் கை தானாக ஓடும். கூலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்குத் தெரியாததா? பாத்துக் குடுங்க" என்பாள். எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள்தான் குறைவு. சொந்தக்காரர்கள் பார்க்கிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் வளர்ந்த அந்த வாடகை வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டு மேசைக்கு அடியில் கலர் கலராகத் துணித்துண்டுகள் கணுக்கால் வரை கிடக்கும். மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த அந்த வாசனை எங்காவது அடித்தால் இன்றும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

ஒரு வருஷம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். "நூல் வாங்குற காசுகூட வரல. இதுக்குப் பேரு தொழிலா? முன்னறையைத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் சித்தப்பா. சித்திக்கு அந்த அறைதான் உயிர். ஆனால் வாய்விட்டுக் கூலி கேட்டால் காசுப்பேய் என்று பெயர் வருமே, ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்களே என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சரம்மா துணியோடு வந்தார். ஓய்வு பெற்றவர், தனியாள். அவரிடம் சித்தி ஒருநாளும் காசு வாங்கியதில்லை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னபோது, போட்டிருந்த சட்டையில் அக்குள் தையல் பிரிந்து, வேறு கலர் நூலில் ஒட்டுப் போட்டிருந்தது தெரிந்தது.

"என்ன டீச்சர் இது, யாரு பிரிச்சது?"

"நான்தான். நீ தைக்கிற எல்லாமே எனக்குக் கைகிட்ட இறுக்கும்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"ஓசியில வாங்கிட்டுக் குறை சொல்ல வாய் வருமா?"

சித்தியின் முகம் சுருங்கிப்போனது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து அந்த மனுஷியின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள், பாவி. டேப்பைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு நிதானமாக அளவெடுத்து, கூலியைச் சொன்னாள். முழுக் கூலி.

"ஒரேயடியா வேணாம் டீச்சர். ரெண்டு தடவையா குடுங்க."

டீச்சரம்மா தலையாட்டிவிட்டு, பையைத் திறந்து பாதியை மேசைமேல் வைத்தார்.

வாய் திறந்தது திறந்ததுதான். அடுத்து வந்தவர்களுக்கும் சித்தி கூலியைச் சொன்னாள். சொந்தத்தில் இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். முன்னறை எங்களிடமே தங்கியது.

டீச்சரம்மா புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"கை சரியா இருக்கு. கழுத்துதான் இறங்கிப்போச்சு. பிரிச்சுத் தை. நாளைக்கே வேணும்."

அவர் அப்படி அதட்டி நாங்கள் கேட்டதே இல்லை. சித்தி வாயெல்லாம் பல்லாக, "கழட்டிக் குடுங்க டீச்சர்" என்றாள்.