கைகளின் மேல் உட்காரும் பேராசிரியர்

டொக். டொக்டொக். டொக்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்க அறையிலிருந்து சத்தம் வந்ததுமே, மார்லீன் கோவல்சுக் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். உள்ளே, சோதனைக்கு வந்திருந்த வால்ட்டர் ஃபிரீசன் தொலைபேசித் திரையில் மறுபடியும் தவறான எண்ணைத் தொட்டுவிட்டார். ஓடிப்போய் அந்த நடுங்கும் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட மனம் துடிக்கிறது. கூடாது! உதவிவிட்டால், திரை எந்த இடத்தில் மனிதரைக் கைவிடுகிறது என்று கடைசிவரை தெரியாது.

மனிதர்கள் கணினித் திரைகளோடு படும் பாட்டை ஆராய்வதுதான் மார்லீனின் வேலை. கனடாவில், எங்கள் வின்னிபெக் பல்கலைக்கழகத் துறையில் இருபத்தாறு வருடங்களாக. அவர் கைகள் சிவந்து கன்றியிருந்தால், அலுவலகத்தில் காகிதம் பார்க்கும் எனக்குப் புரிந்துவிடும், அன்று சோதனை நாள் என்று.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று சோதனைக்கு வருபவர்கள் தலைகுனிவார்கள்.

"தப்பு உங்க மேல இல்ல, திரை மேல" என்பார். தவறாகத் தொட்டால் கத்தும் ஒலியை அவர் தன் கருவிகளில் வைப்பதே இல்லை. "வீட்ல திட்டு வாங்கறது போதாதா? இதுவும் வேற திட்டணுமா?"

ஒரு கட்டுரைக்கு அவருக்கு இரண்டு வருடம் ஆகும். கை நடுக்கம் உள்ளவர்களின் சமையலறைகளில் உட்கார்ந்து, அவர்கள் தரும் பெரோகிக் கொழுக்கட்டையைத் தின்றபடி, காபிக் கோப்பையை எப்படி எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். கையைத் தூக்கினால் நடுங்குகிறது. மேசையோடு மேசையாகத் தேய்த்து நகர்த்தினால் நடுக்கம் அடங்குகிறது. அதைப் பார்த்துப் பிறந்ததுதான் இந்தப் புதுத் திரை. இதில் தட்ட வேண்டாம். விரலைத் தேய்த்து நகர்த்தி, எண்ணின் மேல் நிறுத்தினால் போதும். வால்ட்டரோ பழைய பழக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் பதவி உயர்வுக் குழு சமையலறைகளையா எண்ணும்? முழுப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார். 'தாக்கம் போதாது' என்று இரண்டு முறையும் திரும்பி வந்தது. மூன்றாவது விண்ணப்பத்துக்கு அன்று நான்கு மணி கெடு. தாக்கத்தைப் பற்றி எழுத வேண்டிய பக்கம் மட்டும் அவர் மடிக்கணினியில் வெறுமையாகக் கிடந்தது.

பக்கத்து அறைப் பேராசிரியர் கிராண்ட் கதவில் சாய்ந்து நின்றார். "என் கட்டுரைங்களை ஒன்பதாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. உன்னோடது இருநூத்திப் பன்னெண்டு. எத்தனை தடவை சொன்னேன்? ஒரு ஆய்வை ஆறு கட்டுரையா வெட்டு, மார்லீன்!"

"ஆறா வெட்டினா வால்ட்டரோட கை நடுக்கம் ஆறு மடங்கு குறையுமா?"

"இன்னிக்கும் வெறும் பக்கத்தைத்தான் அனுப்பப் போறியா?"

மார்லீனின் காது உள் அறையில் இருந்தது. உள்ளே தட்டும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. வால்ட்டர் சலித்துப்போய் விட்டுவிட்டாரா? பாவி மனசு என்னவெல்லாம் நினைத்ததோ, முகம் வெளுத்துப்போனது. கைகள் மட்டும் அசையவில்லை.

அவர் மேசையிலிருந்த தொலைபேசி அலறியது. கையை உருவி ரிசீவரை எடுத்தார்.

"பதினாலு பேசறேன்" என்றது கரகரத்த குரல். வால்ட்டர் ஃபிரீசன்தான். ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். "தட்டாம தேய்ச்சேன் மார்லீன், போன் போயிடுச்சு! ரெண்டு வருஷமா என் பொண்ணுதான் எனக்கு நம்பர் போட்டுத் தரா. அடுத்து அவளுக்கு நானே போடப் போறேன். அழுவா பாரு!"

மார்லீன் ரிசீவரை வைத்துவிட்டு அந்த வெறும் பக்கத்தில் தட்டினார்: 'இன்று 2.40க்கு, பங்கேற்பாளர் பதினான்கு, இரண்டு வருடங்களுக்குப் பிறகு யார் உதவியும் இல்லாமல் தொலைபேசியில் அழைத்தார்.'

கிராண்ட் எட்டிப் பார்த்தார். "இது எண்ணிக்கை இல்லையே."

"ஒண்ணு."

மார்லீன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். கிராண்ட் உள்ளிருந்து வந்த வால்ட்டருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி உறைகுளிர். வால்ட்டர் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு அதன் ஜிப்போடு போராடினார். நழுவியது. மறுபடி நழுவியது. மார்லீன் பாதி எழுந்தார்.

"உக்காரும்மா" என்றார் வால்ட்டர், தலை நிமிராமலே.

மார்லீன் மறுபடியும் கைகளின் மேல் உட்கார்ந்தார். வால்ட்டர் கையை வயிற்றோடு ஒட்டித் தேய்த்து, ஜிப்பை மெல்ல மெல்லக் கழுத்துவரை ஏற்றினார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகுதான் மார்லீன் தொடைகளுக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார்.